கையடக்க சோலார் செட்: பேட்டரி வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

பிளஸ் மைனஸ் மாற்றிப் போடுவது, நனைய விடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை பட்டால் போதும். காசு கரைவது வேறு இடத்தில். பேனல், பேட்டரி, இரண்டுக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் என்று சோலார் செட்டில் புதிதாக இறங்குபவர்கள், பேட்டரியை வாங்கும் நாளிலேயே தவறு செய்துவிடுகிறார்கள், அது தெரியவருவது ஆறு மாதம் கழித்துத்தான்.

எம்.ஏ.எச். எண்ணை மட்டும் பார்ப்பது

ஏ.எச். என்றால் ஆம்ப்-அவர், எத்தனை ஆம்ப் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கணக்கு; எம்.ஏ.எச். அதில் ஆயிரத்தில் ஒன்று. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று, 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி ஒன்று. 7 ஏ.எச். என்றால் 7,000 எம்.ஏ.எச்.தானே, பவர் பேங்க் மூன்று மடங்கு பெரியது என்று கணக்குப் போடுகிறார்கள். வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், வாட்-அவர் வரும்; பேட்டரிக்குள் உண்மையில் இருக்கும் மின்சக்தி அதுதான். பவர் பேங்கில் உள்ள செல் 3.7 வோல்ட், ஆக 74 வாட்-அவர். மற்றது 84 வாட்-அவர். இதிலும் பவர் பேங்க் 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது பத்துப் பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். வாட்-அவர் போடாத பேட்டரியை எதனோடும் ஒப்பிடாதீர்கள்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி: சின்ன பேனலில் பெரிய பேட்டரி

எரிச்சல் தருவது இதுதான். "பேட்டரி பெரிசா இருந்தா நல்லதுதானே, மழை நாளுக்கு ஆகும்" என்று சொல்லி, 20 வாட் பேனலோடு 40 ஏ.எச். லீட் ஆசிட் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தூக்கவே இரண்டு கை வேண்டும், இதற்குப் பெயர் கையடக்க செட்.

கணக்கைப் பாருங்கள். 20 வாட் பேனல் நல்ல வெயிலில் தருவது ஏறத்தாழ 1.1 ஆம்ப். நாளுக்கு நாலரை மணி நேர முழு வெயில் என்று தாராளமாக வைத்தால் 5 ஏ.எச். லீட் ஆசிட்டில் ஏற்றும்போது வீணாவது போக 4.2 தேறும். ராத்திரி ஒரு போன், ஒரு எல்.இ.டி. விளக்கு என்று 36 வாட்-அவர் எடுத்தால் 3 ஏ.எச். காலி. மிச்சம் நாளுக்கு 1.2. ஒரே ஒரு முறை பேட்டரி பாதிக்கு இறங்கிவிட்டால், அந்த 20 ஏ.எச். திரும்பி வர மேகமே இல்லாத பதினாறு, பதினேழு நாள் வேண்டும்.

மெதுவாக ஏறினால் என்ன என்பவர்களுக்கு: லீட் ஆசிட் பேட்டரி அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது. அதை முழுசாக ஏற்றி, 14.4 வோல்ட்டில் ஓரிரு மணி நேரமாவது நிறுத்தினால்தான் தகடு பிழைக்கும். அதற்கு ஏ.எச். எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்ப் வேண்டும். 40 ஏ.எச்.சுக்கு 4 ஆம்ப். நம்மிடம் இருப்பது 1.1.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சல்பேட் படிந்த பேட்டரியில் உள்தடை, அதாவது கரன்ட் ஓட உள்ளேயே இருக்கும் தடை, கூடிவிடும். பேனலை மாட்டினால் வோல்ட்டேஜ் சட்டென்று ஏறும், கன்ட்ரோலரில் ஃபுல் விளக்கு எரியும். பார்ப்பவருக்கு ஆனந்தம். மல்டிமீட்டரை முனைகளில் வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டால், 12.6 காட்டிய எண் கண்ணெதிரே 11-க்கு விழும். உடனே என்ன செய்கிறார்கள்? "மட்டமான பேட்டரி" என்று திட்டிவிட்டு, இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்குகிறார்கள்!

சரியான வழி பின்னாலிருந்து வருவது. நாளுக்கு 36 வாட்-அவர் தேவை, இரண்டு நாள் தாங்க வேண்டும், ஆக 72. லீட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, எனவே 144 வாட்-அவர்: 12 வோல்ட் 12 ஏ.எச். அதற்கு வேண்டிய 1.2 ஆம்ப்பை 20 வாட் பேனல் கிட்டத்தட்ட கொடுத்துவிடும். லித்தியம் அயன் (இரும்பு) பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 90 வாட்-அவர் போதும்: 12.8 வோல்ட் 7 ஏ.எச். எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை. தூக்கித் திரியும் செட்டுக்கு விலை கூடினாலும் என் ஓட்டு இதற்கே.

ஏற்கெனவே பெரிய லீட் ஆசிட் வாங்கிவிட்டவர்கள் மதியம் மூன்று மணிக்கு, பேனல் மாட்டியபடியே மீட்டர் வையுங்கள். வெயில் நாளிலும் 14.4 தொடவில்லை என்றால் பேனலைக் கூட்டுங்கள், அல்லது வாரம் ஒருமுறை கரன்ட் சார்ஜரில் முழுசாக ஏற்றுங்கள்.

பழைய கன்ட்ரோலரில் லித்தியம்

லித்தியம் வாங்கும் முன் கன்ட்ரோலரைப் பாருங்கள். நாலு செல் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரிக்கு உச்சம் 14.6 வோல்ட். லீட் ஆசிட் கன்ட்ரோலர்களில் செல்களைச் சமப்படுத்த வோல்ட்டேஜை ஏற்றும் 'ஈக்வலைஸ்' வந்தால் 14.8-க்கு மேல் போகும். லித்தியம் பேட்டரிக்கு உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பி.எம்.எஸ். பேட்டரியைத் துண்டித்துவிடும். அந்த நொடியில் மலிவான கன்ட்ரோலரில் பேனலின் 21 வோல்ட் நேரே லோடு பக்கம், அதாவது விளக்கும் போனும் மாட்டும் பக்கம், பாயலாம். போவது விளக்கு, சில சமயம் போன் சார்ஜர். குளிரில் வோல்ட்டேஜைக் கூட்டும் வெப்பநிலை ஈடுகட்டலும் லித்தியத்துக்கு ஆகாது. இரண்டையும் அணைக்க முடியாத கன்ட்ரோலர் என்றால் கன்ட்ரோலரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நாலு கட்டம் காட்டும் சார்ஜ் மீட்டரையும் நம்பாதீர்கள். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி பெரும்பாலான நேரம் 13-லிருந்து 13.3 வோல்ட்டுக்குள்ளேயே நிற்கும். கட்டம் முழுசாக இருக்கும், திடீரென்று எல்லாம் அணையும்.

கார் பேட்டரி

வேண்டாம். இன்ஜினைக் கிளப்பச் செய்த மெல்லிய தகடு, ஆழமாக இறக்கினால் தாங்காது.

'9900' போட்ட 18650 செல்

18650 என்பது விரல் தடிமனில் வரும் உருளை லித்தியம் செல். அதில் 9900 எம்.ஏ.எச். என்பது பொய். நல்ல செல்லே 3500 பக்கம் நின்றுவிடும்.

முதுகில் பேனல் ஒட்டிய பவர் பேங்க்

அந்தப் பேனல் ஒன்றரை வாட் தந்தால் அதிகம். 74 வாட்-அவர் நிரப்ப ஐம்பது மணி நேர முழு வெயில் வேண்டும். அதற்குள் செல் வெந்துவிடும்.

பேனலுக்கு அடியில் நிழல் என்று நினைப்பது

லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் பேனலின் பின்பக்கம் 60-ஐத் தொடும். பேட்டரியைப் பையில் போட்டு, நீளமான வயர் விட்டு, வேறு நிழலில் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிரிலும் சார்ஜ் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், அது திரும்பாத சேதம்.

பவர் பேங்கின் இன்புட்டைப் பார்க்காமல் பேனல் வாங்குவது

10 வாட் மட்டும் உள்ளே வாங்கும் பவர் பேங்குக்கு 28 வாட் மடிப்புப் பேனல் வீண். இன்னொன்று: ஒரு மேகம் கடந்ததும் சார்ஜ் நின்று, வெயில் வந்தும் தானாகத் தொடங்காத ரகங்கள் உண்டு. வாங்கிய அன்றே பேனலைக் கையால் மறைத்து, விட்டுப் பாருங்கள். தொடரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஃபியூஸ்

பி.எம்.எஸ். இருந்தாலும் வேண்டும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். 1.5 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்ப்.

விமானம்

பவர் பேங்க், லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் கூடாது.

மாதக்கணக்கில் சும்மா வைப்பது

லீட் ஆசிட்டை முழு சார்ஜில் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வையுங்கள். இரண்டையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிடுங்கள். கன்ட்ரோலர் தனக்கென்று எடுக்கும் சில மில்லிஆம்ப் சின்ன பேட்டரியை ஒரு பருவத்தில் தரைதட்ட வைத்துவிடும்.