நாலு ப்ராஜெக்ட், ஒரு மண்டை

ஒரே வாரத்தில் நாலைந்து கோடிங் ப்ராஜெக்ட்டைத் தொடுகிறவருக்கு நேரம் போவது ஃபோல்டரைத் தேடுவதில் இல்லை, "போன வெள்ளிக்கிழமை இதை எங்கே விட்டேன்" என்று முழிப்பதில்தான். சரி, ஃபோல்டர் கதையை முதலில் முடித்துவிடலாம்.

டெஸ்க்டாப்பில் கொஞ்சம், டவுன்லோட்ஸில் கொஞ்சம் என்று இறைந்து கிடப்பதையெல்லாம் 'கோட்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் தள்ளுங்கள், அதற்குள்ளே ஆபீஸ், சொந்தம், சும்மா பார்த்தது என மூன்று போதும். அப்புறம் கமாண்ட் அடிக்கும் டெர்மினலில் ஸோக்ஸைட் (zoxide) என்ற சின்ன டூலைப் போட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஃபோல்டருக்கு அடிக்கடி, எதற்குச் சமீபத்தில் போனீர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, இசட் என்ற ஒற்றை எழுத்தோடு பெயரில் பாதியை அடித்தாலே அங்கே கொண்டுபோய் விடும். கூடவே ஒரே டெர்மினலில் பல வேலைகளைத் தனித்தனி செஷனாகத் திறந்துவைக்க உதவும் டீமக்ஸில் (tmux) ப்ராஜெக்ட்டுக்கு ஒரு செஷன். கன்ட்ரோல்-பி அழுத்திவிட்டு எஸ் தட்டினால் எல்லா செஷனும் வரிசையாக வரும், விட்டுவந்த சர்வர் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நான் சூடு பட்டது வேறு இடத்தில். காலையில் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக டேட்டாபேஸ் முகவரியை டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்தேன், மதியம் அதே டெர்மினலில் இன்னொரு ப்ராஜெக்ட்டின் மைக்ரேஷனை, அதாவது டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். அது காலையில் கொடுத்த டேட்டாபேஸிலேயே போய் விழுந்தது. சாயங்காலம் முழுக்க பேக்கப்போடு மல்லுக்கட்டல். டைர்என்வ் (direnv) என்ற டூல் இருந்தால் இது நடக்காது. ஃபோல்டருக்குள் நுழையும்போது அதற்கான என்வ் மாறிகளை (டேட்டாபேஸ் முகவரி மாதிரி டெர்மினலில் வைக்கும் செட்டிங்குகளை) ஏற்றி, வெளியே வந்ததும் இறக்கிவிடும்.

ஒரு ஃபீச்சரின் பாதியில் இருக்கும்போது அவசர பக் வந்தால் பலரும் கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (git) ஸ்டாஷ் போடுகிறார்கள், அதாவது அரைகுறை வேலையைத் தற்காலிகமாக ஓரம் கட்டுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ஸ்டாஷ் பட்டியலைப் பார்த்தால் பதினொன்று கிடக்கும், எது எதற்கு என்று போட்டவருக்கே தெரியாது. அதற்குப் பதில் கிட்டின் வொர்க்ட்ரீ (worktree) கமாண்ட், 2015-இல் வந்த கிட் 2.5 முதலே இருக்கிறது. அதே ரெப்போவின் (கிட் கவனிக்கும் ப்ராஜெக்ட்டின்) இன்னொரு பிராஞ்சைப் பக்கத்து ஃபோல்டரில் திறந்து தரும், உங்கள் அரைகுறை வேலை இருந்த இடத்திலேயே கலையாமல் இருக்கும். புது ஃபோல்டரில் பேக்கேஜ்களை மறுபடி இன்ஸ்டால் செய்யவேண்டும், அது மட்டும் கொஞ்சம் எரிச்சல். முடிந்ததும் ஃபோல்டரைக் கையால் அழிக்காமல் வொர்க்ட்ரீ ரிமூவ் கொடுங்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை சமாச்சாரம். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் 'இப்போ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள், கிட் கண்ணில் படாமல் இருக்க டாட்-கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் ஃபைலில் அதன் பெயரைச் சேருங்கள். எழுந்து போகும்முன் கடைசியில் ஒரே வரி. "பில்லிங் வேலை பாக்கி" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "ரவுண்டிங் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, இன்வாய்ஸ் ஃபைல் 142-வது வரி, டாக்ஸுக்கு முன்னா பின்னா என்று அக்கவுண்ட்ஸில் கேட்கணும்" என்கிற அளவுக்கு இருக்கவேண்டும். அந்த டெஸ்ட்டையும் அப்படியே சிவப்பாக விட்டுவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை அதுவே கையைப் பிடித்து இழுக்கும். டெய்ல் கமாண்டில் எல்லா 'இப்போ' ஃபைலின் கடைசி வரியையும் ஒன்றாக வரவழைத்தால், காபி ஆறுவதற்குள் அன்றைக்கு எதைத் தொடுவது என்று தெரிந்துவிடும்.