ஏபி ஃபிசிக்ஸ் மேக்கப் எக்ஸாம்: பேப்பரும் மார்க்கும் பத்தி தப்பா நினைச்சு பண்ற தப்புகள்

எக்ஸாம் அன்னிக்கு பிள்ளைக்கு ஜுரம், இல்ல அதே நேரத்துல இன்னொரு ஏபி எக்ஸாம் (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் எக்ஸாம்) வந்து மோதுது, அதனால லேட் டெஸ்டிங், அதாவது பின்னால வேற நாள்ல எழுதற மேக்கப் எக்ஸாம்னு சொன்ன உடனே அமெரிக்காவுல இருக்கற நம்ம வீடுகள்ல வர்ற முதல் பயம், மேக்கப் பேப்பர் கஷ்டமா இருக்கும், மார்க்கும் டைட்டா போடுவாங்கங்கறதுதான். இந்த பயத்துல பண்ற தப்புகள்தான் நிஜமாவே ஸ்கோரை இறக்குது.

கேள்வித்தாள் வேற, அது உண்மை. ஆனா 1லேர்ந்து 5 வரை போற ஸ்கோர்ல 5க்கு எத்தனை பாயின்ட், 4க்கு எத்தனைன்னு ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியாத்தான் எக்ஸாம் நடத்தற காலேஜ் போர்டு முடிவு பண்ணுது, பேப்பர் கொஞ்சம் கடினமா அமைஞ்சா 5 வாங்கத் தேவையான பாயின்ட்டும் குறையும். மேக்கப் எழுதற பசங்களை அவங்களுக்குள்ளேயே ஒப்பிட்டு கர்வ் போடறதும் கிடையாது, அதனால "அங்க எழுதறவங்க எல்லாம் டாப்பர்ஸ்"னு பயப்படறதுல அர்த்தமே இல்ல.

அடுத்தது, ரெகுலர் பேப்பரோட எஃப்ஆர்க்யூ (விரிவா விடை எழுதற கேள்விகள்) வெளிய வந்ததும் அதையே மனப்பாடம் பண்றது. அது திரும்ப வராது, ப்ராக்டிஸுக்கு மட்டும் வச்சுக்கங்க. பழைய பேப்பர் போடும்போதும் கவனமா இருக்கணும், ஏன்னா 2025லேர்ந்து பேட்டர்ன் மாறிடுச்சு: 40 எம்சிக்யூக்கு (விடையைத் தேர்ந்தெடுக்கற கேள்விகள்) 80 நிமிஷம், 4 எஃப்ஆர்க்யூக்கு 100 நிமிஷம், ரெண்டுக்கும் பாதிப்பாதி மதிப்பு. ஃபிசிக்ஸ் 1ல ஃப்ளூயிட்ஸும் சேர்ந்திருக்கு, 2024 பேப்பரை மட்டும் நம்பினா அந்த யூனிட்டே விட்டுப்போயிடும்.

மார்க் விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது, நல்லா தெரிஞ்ச பிள்ளைங்க கடைசி விடையை மட்டும் எழுதிட்டு வர்றதுதான். திருத்தறவங்க கையில ரூப்ரிக்ங்கற மார்க் பட்டியல் இருக்கு, அதுல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பாயின்ட் இருக்கு. டெரைவ் பண்ணச் சொன்னா அடிப்படை விதியையோ ஈக்வேஷன் ஷீட்ல இருக்கற சமன்பாட்டையோ முதல்ல எழுதிட்டு அங்கேர்ந்து நகரணும், நேரா நடுவுல குதிச்சா கையில வர வேண்டிய பாயின்ட் போயிடும். ஜஸ்டிஃபைன்னு கேட்டா "வேகம் கூடும்"னு மட்டும் எழுதினா போதாது, எந்த விசையால, எந்த விதிப்படின்னு சொல்லணும். முதல் பார்ட் தப்பானாலும் அந்த விடையை வச்சே அடுத்த பார்ட்டை ஒழுங்கா செஞ்சா பெரும்பாலும் பாயின்ட் தருவாங்க, அதனால பாதியில கைவிடாதீங்க. அடிச்ச விடையை அவங்க திருத்தவே மாட்டாங்க, வேற விடை எழுதறதுக்கு முன்னாடி எதையும் அடிச்சிடாதீங்க. எம்சிக்யூல நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒண்ணைக்கூட காலியா விடக்கூடாது.

லேட் டெஸ்டிங்கை ஸ்கூலோட ஏபி கோஆர்டினேட்டர்தான் ஆர்டர் பண்ண முடியும், தெரிஞ்ச அன்னிக்கே போய் சொல்லுங்க. ரெண்டு ஏபி எக்ஸாம் மோதினா எக்ஸ்ட்ரா ஃபீஸ் இல்ல, ஊருக்குப் போறோம் மாதிரி சொந்தக் காரணம்னா இருக்கு.

எழுதிட்டு வந்து "சொதப்பிட்டேன்"னு அழுத வேகத்துல ஸ்கோரை கேன்சல் பண்ண வைக்காதீங்க. கேன்சலை எப்ப வேணும்னாலும் பண்ணலாம், ஜூன் 15ங்கறது அந்த வருஷம் காலேஜுக்குப் போற ரிப்போர்ட்ல அந்த ஸ்கோர் வராம இருக்கறதுக்கான கடைசி நாள் மட்டும்தான். ஸ்கோர் வர்றதோ ஜூலையில, அதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணினா என்ன வாங்கினாங்கன்னே தெரியாம அழிக்கறீங்க, அப்புறம் திரும்ப வாங்கவே முடியாது. குறைவா வந்தா குறிப்பிட்ட காலேஜுக்கு அந்த ஒரு ஸ்கோர் மட்டும் போகாம நிறுத்தி வைக்கற வழி தனியா இருக்கு.