எழுதியது ஏன் நீக்கப்படுகிறது? விக்கிப்பீடியாவில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருகிற பலர் சொந்த ஊரில்தான் தொடங்குகிறார்கள். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று முதல் வரி வரும். அடுத்து, கேட்ட வரம் தரும் அம்மன் கோயில். அதற்கடுத்து, ஊருக்கு நல்லது செய்த பெரியவர்களின் பெயர்ப் பட்டியல். சேமித்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் பாதியைக் காணோம், அல்லது பக்கத்தின் தலையில் "சான்று தேவை" என்று ஒரு அறிவிப்பு நிற்கிறது. உடனே கோபம் வருகிறது: எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாததா?

தெரியும்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியுமா என்று விக்கிப்பீடியா கேட்பதில்லை, நம்பத்தக்க இடத்தில் அது ஏற்கெனவே வெளியாகியிருக்கிறதா என்றுதான் கேட்கிறது. மெய்யறிதன்மை என்று விதிப்பக்கத்தில் இருப்பது இதுதான். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காததால் வருபவை.

இது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. தன் நாவல் ஒன்றின் பாத்திரம் யாரை வைத்து உருவானது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தவறாக இருப்பதாக அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத் திருத்தக் கேட்டார். எழுதியவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012இல் அவர் நியூயார்க்கர் இதழில் ஒரு திறந்த கடிதம் எழுதினார். அது வெளியானதும் அதையே மேற்கோளாக வைத்துக் கட்டுரையில் சேர்த்துவிட்டார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் "நான்தான் அவர்" என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லலாமே!

சரி, ஊரைப் பற்றி எழுதச் சான்றுக்கு எங்கே போவது? நினைப்பதைவிட நிறைய இருக்கிறது. மக்கள்தொகைக்குக் கணக்கெடுப்பு அறிக்கை. பழைய கோயில் என்றால் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள். மாவட்ட விவரச்சுவடிகள் (கெசட்டியர்). தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் கிடைக்கும். இலங்கை ஊர்களுக்கு நூலகம் என்ற இணையத் தளத்தில் சிறப்பு மலர்களும் பிரதேச வரலாற்று நூல்களும் குவிந்திருக்கின்றன. "ராமர் இங்கே வந்து லிங்கத்தை நிறுவினார்" என்று எழுதினால் வரலாறாகிவிடும். "என்று தலபுராணம் கூறுகிறது" என்று சேர்த்து, எந்தத் தலபுராணம் என்று மேற்கோள் காட்டினால் சிக்கலில்லை.

சான்று என்றதும் கூகுளில் முதலில் வந்த வலைப்பதிவை ஒட்டுவது அடுத்த தவறு. அந்தப் பதிவர் அதை எங்கிருந்து எடுத்தார்? பல நேரம் விக்கிப்பீடியாவிலிருந்துதான். செய்தித்தாள்களும் இதற்கு விலக்கில்லை. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு "பிரேசிலியன் ஆர்ட்வார்க்" என்று இன்னொரு பெயர் உண்டு என விளையாட்டாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் பிரிட்டிஷ் நாளிதழ்களில் வந்தது. பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்குச் சான்றாக ஏறியது! ஆகவே ஒரு சான்றை வைக்கும்முன் அது கட்டுரைக்கு முந்தையதா என்று தேதியைப் பாருங்கள்.

நடையில் வருகிற தவறுகள் எளிதில் சரிசெய்யக்கூடியவை. "திரு", "மாண்புமிகு", "அவர்கள்" எல்லாம் வேண்டாம். மரியாதைக்கு "பிறந்தார்", "எழுதினார்" என்ற வினையே போதும். "இறைவனடி சேர்ந்தார்" வேண்டாம், "இறந்தார்" போதும். "தற்போது", "அண்மையில்", "கடந்த ஆண்டு" என்ற சொற்களைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். 2009இல் யாரோ எழுதிய "தற்போதைய தலைவர்" இன்றும் தற்போதைய தலைவராகவே இருப்பார். ஆண்டைப் போடுங்கள். இன்னொன்று: ரொறன்ரோ என்று எழுதியிருப்பதை டொராண்டோ என்றும், பாடசாலையைப் பள்ளி என்றும் மாற்றிக்கொண்டே போவது திருத்தம் ஆகாது. இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. கிரந்த எழுத்துச் சண்டைக்குள் முதல் வாரத்திலேயே இறங்காதீர்கள், வெளியே வருவது கடினம்.

பதிப்புரிமையில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாளிதழ்க் கட்டுரையை அப்படியே ஒட்டிவிட்டுக் கீழே "நன்றி" போட்டால் போதும் என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அங்கே அது செல்லாது. விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்தை யாரும், வணிகத்துக்கும்கூட, எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் உரிமம். அதனால் "விக்கிப்பீடியாவில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று உரிமையாளர் தரும் அனுமதியும் போதாது. படங்களிலும் இதே கதை. "அவரே வாட்சப்பில் அனுப்பினார்" என்பார்கள். பொதுவாகப் படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான், படத்தில் இருப்பவருக்கு இல்லை. சினிமா சுவரொட்டியை உங்கள் கைபேசியில் எடுத்தாலும் அது உங்கள் படைப்பு ஆகாது. பழைய நூல்கள் என்றால் கணக்கு உண்டு: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு கடந்தால் உரிமை தீர்ந்துவிடும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் தனி.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கலாம், தாராளமாக. ஆனால் இயந்திரம் தந்ததை அப்படியே ஏற்றாதீர்கள். 2010 வாக்கில் கூகுள் ஆட்களை அமர்த்தி நீளமான ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு மாற்றியது. படிக்கவே முடியாத தமிழ். பயனர்கள் அதன் குறைகளைத் தொகுத்து, அந்த ஆண்டு போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே எடுத்துவைத்தார்கள். அந்த அனுபவம் உள்ள சமூகம் இது, மோசமான மொழிபெயர்ப்பை மோப்பம் பிடித்துவிடும். தமிழாக்கினால், எந்தக் கட்டுரையிலிருந்து என்று தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது மாற்றத்தைப் பற்றி எழுதும் சிறு குறிப்பு) குறிப்பிடுங்கள். உரிமம் அதைக் கேட்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கினால் இல்லாத நூலுக்கும் பக்க எண் போட்டுத் தரும். திறந்து பார்க்காத மேற்கோளை வைக்காதீர்கள்.

தன்னைப் பற்றியோ தன் நிறுவனத்தைப் பற்றியோ எழுதுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வேண்டாம். விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்தியது வெளியே வந்து, அவரே சங்கடப்பட நேர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது.

அப்புறம், நீங்கள் எழுதியதை ஒருவர் மீளமைத்துவிட்டால், அதாவது பழைய நிலைக்கே திருப்பிவிட்டால்? மறுபடி அதையே போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அவர் மறுபடி எடுப்பார். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் இப்படி மாற்றினால், உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும், தடை வரலாம். கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போய் "இந்த வரியை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கட்டுரையை நீக்கச் சொல்லும் அறிவிப்பு (நீக்கல் வார்ப்புரு) போட்டிருந்தால் அதைச் சத்தமில்லாமல் அகற்றாதீர்கள், அது உடனே தெரிந்துவிடும். அங்கேயே மறுப்பை எழுதிச் சான்றைக் கொடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லா விதியையும் கற்ற பிறகே எழுதுவேன் என்று உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. கொள்கைப் பக்கங்கள் முடிவில்லாமல் போகும். ஐந்து தூண்கள் என்ற அடிப்படைக் கொள்கைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். ஐந்தாவது தூண், விதிகள் இறுக்கமானவை அல்ல என்கிறது. அதை வாதத்தில் எடுத்துக் காட்டி யாரும் வென்றதாகத் தெரியவில்லை. மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். சந்தேகம் வந்தால் ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த நல்ல கட்டுரை ஒன்றின் வரலாற்றையும் திறந்து பாருங்கள். எந்த வரி எப்போது நீக்கப்பட்டது, நீக்கியவர் என்ன காரணம் எழுதினார் என்பதெல்லாம் தேதியோடு அங்கே இருக்கும்.