வெளிநாட்டில் கம்பெனி பதிவு: சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கடிக்கும் தவறுகள்

வெளிநாட்டில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வது இப்போது பெரிய வேலையே இல்லை. பிரிட்டனில் ஆன்லைனில் விண்ணப்பித்தால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சான்றிதழ் வந்துவிடும். அதனால்தானோ என்னவோ, பதிவோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பணத்தைக் கரைக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

'வரி குறைவு' என்று கேள்விப்பட்டு நாட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் வரித்துறை பார்ப்பதில்லை. முடிவுகளை எடுப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பல நாடுகள் பார்க்கின்றன. வெளிநாட்டவருக்கு டிஜிட்டல் அடையாள அட்டை கொடுக்கும், எஸ்டோனியா 2014-இல் தொடங்கிய இ-ரெசிடென்சி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையை வைத்து வீட்டிலிருந்தபடியே ஐரோப்பியக் கம்பெனி தொடங்கலாம். ஆனால் அது குடியுரிமையும் இல்லை, விசாவும் இல்லை; உங்கள் வரி வசிப்பிடத்தையும் மாற்றாது. நீங்கள் வேறு நாட்டில் இருந்துகொண்டு கம்பெனியை நடத்தினால், அந்த நாடும் வரி கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வரியே இல்லை என்று இன்னமும் சொல்லித் திரிபவர்கள் உண்டு. 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, அங்கே 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9% கார்ப்பரேட் வரி உண்டு. ஃப்ரீ ஸோன் என்னும் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள கம்பெனிக்கு 0% கிடைக்கலாம், அதுவும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட வருமானத்துக்கு மட்டும்.

அமெரிக்கா விஷயம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியது. வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கும் எல்.எல்.சி.க்கு (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட ஒரு கம்பெனி வகை) ஒரு டாலர் வருமானம் வராமல் போகலாம். ஆனால் கம்பெனியைத் தொடங்க உரிமையாளர் போட்ட பணமே 'பரிவர்த்தனை'யாகக் கணக்கில் வரும். அதை அமெரிக்க வரித்துறையின் 5472 படிவத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அபராதம் 25,000 டாலரில் தொடங்குகிறது. வருமானமே இல்லையே, எதற்கு ரிட்டர்ன் என்று விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கார்ப்பரேஷன் (பங்குகள் வெளியிடும் கம்பெனி வகை) தொடங்கியவர்களுக்கு வேறு விதமான அதிர்ச்சி காத்திருக்கிறது. ஸ்டார்ட்அப்கள் வழக்கமாக ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கி வைக்கும். மார்ச் 1 கெடுவை ஒட்டி மாநிலத்திடமிருந்து வரும் ஃபிராஞ்சைஸ் வரி (அங்கே பதிவாகியிருப்பதற்கே கட்டும் ஆண்டு வரி) நோட்டீசில் 85,165 டாலர் என்று இருக்கும். பதற வேண்டாம். அது பங்குகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. கம்பெனியின் மொத்தச் சொத்தை வைத்துக் கணக்கிடும் இன்னொரு முறையும் சட்டத்திலேயே இருக்கிறது. சொத்து அதிகம் சேராத புதுக் கம்பெனிக்கு அந்த முறையில் பெரும்பாலும் குறைந்தபட்ச வரியான 400 டாலர்தான் வரும். ஆண்டறிக்கைக் கட்டணம் தனி. இது தெரியாமல் முழுத் தொகையைக் கட்டுவது எவ்வளவு தவறோ, நோட்டீசைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அவ்வளவு தவறு.

வங்கிக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவதும் சரியில்லை. பதிவு அலுவலகம் கேட்காத கேள்விகளையெல்லாம் வங்கி கேட்கும்: பணம் எங்கிருந்து வருகிறது, வாடிக்கையாளர்கள் யார், இந்த நாட்டில் உங்களுக்கு என்ன வேலை? பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கணக்கு கிடையாது. கையில் சான்றிதழ் இருக்கும், பணம் வாங்க வழி இருக்காது. எனவே பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள். பாஸ்போர்ட்டிலும் முகவரிச் சான்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆவணங்களை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசுச் சான்றான அப்போஸ்டில் முத்திரை எல்லா நாட்டுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த முத்திரையை ஏற்பதற்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் தூதரகச் சான்றும் தேவைப்படும்.

சிங்கப்பூரில் குறைந்தது ஒரு இயக்குநராவது உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் செயலாளரையும் நியமிக்க வேண்டும். ஆள் கிடைக்காதவர்கள் காசு கொடுத்துப் பெயருக்கு ஒரு இயக்குநரை வைத்துக்கொள்கிறார்கள். அது சட்டவிரோதம் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் பெயருக்கு இருப்பவர் அல்ல, முழுப் பொறுப்புள்ள இயக்குநர். ஒப்பந்தத்தைப் படிக்காமல் அவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுப்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

முகவரியிலும் கவனம் வேண்டும். 2024 மார்ச் 4 முதல் பிரிட்டனில் தபால்பெட்டி எண்ணைப் பதிவு அலுவலகமாகக் காட்ட முடியாது. இன்னொன்று: அங்கே கம்பெனி வைத்திருப்பதாலேயே அங்கே போய் வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. விசா தனி விவகாரம்.

கடைசியாக, ஓடாத கம்பெனியை அப்படியே விட்டுவிடுவது. மூடுவதற்கும் முறை உண்டு. பிரிட்டனில் ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்யாமல் விட்டால், பதிவாளரே கம்பெனியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அப்போது கம்பெனியின் வங்கிக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் அது உங்களுக்கு வராது, அரசுக்குப் போய்விடும். திரும்பப் பெற வேண்டுமானால், பெரும்பாலும் கம்பெனியை மறுபடி பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். விடுபட்ட தாக்கல்களையும் அபராதத்தோடு முடித்துக் கொடுத்தாக வேண்டும்.