காகிதப் பட்டையில் ஒரு புரதம் மடிப்போம்

1948-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்த வேதியியலாளர் லைனஸ் பாலிங், ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்துப் பார்த்தார். புரதச் சங்கிலி திருகுபோல் சுற்றி நிற்கும் ஆல்ஃபா சுருள் அப்படித்தான் பிடிபட்டது. நாமும் தாளிலிருந்தே தொடங்குவோம். ஒரு மார்க்கர் பேனா, அரை சென்டிமீட்டர் அகலத்தில் நீளமான இரண்டு காகிதப் பட்டைகள், அளவுகோல், சிவப்பு மை, ஸ்டேப்ளர் போதும்.

படி 1: வரிசை

பட்டையைப் பேனாவில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அளந்து 3.6-ஆல் வகுங்கள் (ஆல்ஃபா சுருளின் ஒரு சுற்றில் 3.6 அமினோ அமிலங்கள்). 36 மில்லிமீட்டர் வந்தால், 10 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. 1 முதல் 16 வரை எண்ணிடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. இடையிலுள்ள காகிதம் கண்ணிகளை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு. இது உறுதியானது. முட்டையை வேகவைக்கும்போதுகூட அறுவதில்லை, மடிப்புதான் குலைகிறது.

படி 2: வண்ணம்

1, 5, 8, 12, 15 ஆகியவற்றுக்குச் சிவப்பு பூசுங்கள். இவை லியூசின், வேலின் போன்று தண்ணீரோடு ஒட்டாதவை. மற்றவை நீரை விரும்புபவை. சிவப்புப் புள்ளிகள் இப்போது கண்டபடி சிதறியிருப்பதாகத் தோன்றும். தோன்றட்டும்.

படி 3: சுருட்டல்

புள்ளிகள் வெளியே தெரியும்படி, திருகாணியின் புரி ஓடும் திசையிலேயே பட்டையைப் பேனாவில் சுற்றுங்கள். திசை மாறினால் அது ஆல்ஃபா சுருள் அல்ல.

இங்கே சற்று நிதானியுங்கள். சிதறிக் கிடந்த சிவப்பெல்லாம் ஒரே பக்கமாக வந்துவிட்டது! இன்னொன்றையும் கவனியுங்கள்: 1-க்கு அடுத்த சுற்றில், ஏறக்குறைய அதற்கு நேராக 5 நிற்கிறது. 1-இன் ஆக்சிஜனும் 5-இன் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜனும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கின்றன. இப்படியே 2-க்கு 6, 3-க்கு 7. தனித்தனியே வலுவற்ற பிடிகள்தான். வரிசையாகச் சேரும்போது சுருள் நிற்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு அந்த ஹைட்ரஜன் கிடையாது, ஆகவே சுருளின் நடுவில் அது வந்தால் அங்கே ஒரு கோணல் விழும்.

நினைத்தபடியெல்லாம் சங்கிலியை முறுக்க முடியாது. எந்தத் திருப்பங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும், எவற்றில் முட்டாது என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சகாக்களும் கணக்கிட்டு வரைபடமாக்கினார்கள். ஆல்ஃபா சுருளும், சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுக்கும் பீட்டா தகடும் அதன் அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் விழுகின்றன.

படி 4: அடுக்கல்

இரண்டாவது பட்டையையும் இதேபோல் சுருட்டி, சிவப்புப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து வையுங்கள். சிவப்புகள் ஒன்றையொன்று இழுப்பதால் சேர்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். முதன்மைக் காரணம் தண்ணீர். ஒட்டாத பொருளைச் சூழ நேரும்போது நீர் மூலக்கூறுகளின் நடமாட்டம் முடங்குகிறது. ஒட்டாதவை ஓரிடத்தில் ஒதுங்கினால் நீர் மூலக்கூறுகளுக்கு விடுதலை. ரசத்தின் மேல் நெய்த்துளிகள் கூடுவதற்கும் இதுவே காரணம். தசையில் ஆக்சிஜனைத் தேக்கும் மயோகுளோபினில் 153 அமினோ அமிலங்கள். அவற்றில் பெரும்பகுதி இப்படி எட்டுச் சுருள்களாக அடுக்கியிருக்கிறது.

படி 5: ஊக்கு

சில புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டின் கந்தக அணுக்கள் இணைந்து டைசல்பைடு பிணைப்பாகின்றன. நமக்கு அது ஸ்டேப்ளர் ஊக்கு. அதைக் கடைசியாகத்தான் குத்த வேண்டும். ஏன் என்பதற்கு உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் சோதனை பதில் சொல்கிறது.

ஆர்.என்.ஏ-வை வெட்டும் புரதமான ரைபோநியூக்ளியேஸில் 8 சிஸ்டீன்கள், 4 ஊக்குகள். அவை 105 விதமாக இணை சேரலாம், சரியானது ஒன்றே. யூரியாவால் மடிப்பைக் குலைத்து, மெர்காப்டோ எத்தனாலால் ஊக்குகளைக் கழற்றிய பின் இரண்டையும் நீக்கினார். புரதம் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பி மறுபடி வேலை செய்தது. யூரியா இருக்கும்போதே ஊக்குகள் சேர விட்டபோதோ கண்டபடி மாட்டிக்கொண்டன. செயல்திறன் சுமார் 1 சதவீதமே மிஞ்சியது. பிறகு யூரியாவை நீக்கி, துளி மெர்காப்டோ எத்தனால் சேர்த்தார். தவறான ஊக்குகள் கழன்று கழன்று மாட்டி, சில மணி நேரத்தில் சரியான இணைகளுக்கே வந்து சேர்ந்தன.