பாக்கி பில்லுக்குத் தானாகப் போகும் நினைவூட்டல் மெயில்

மாதம் ஐம்பது, அறுபது பில் போடும் தொழிலுக்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். கூகுள் ஷீட் போதும்.

பில் எண், பெயர், மெயில் முகவரி, தொகை, கெடு தேதி, நிலை என ஆறு நெடுவரிசைகள். ஏழாவது, கடைசியாக அனுப்பிய தேதி. இதை விட்டால் ஒரே ஆளுக்குத் தினமும் மெயில் போகும். வியாபார உறவே கெடும்.

எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்; ஷீட்டுக்கான நிரலை எழுதும் இடம் அது. நிலை 'பாக்கி', கெடு தாண்டியது, கடைசி மெயில் போய் 7 நாள் ஆனது (அல்லது அந்தக் கட்டம் காலி): இந்த வரிகளுக்கு மட்டும் அனுப்பி, ஒவ்வொன்றும் போன உடனே தேதியைப் பதியச் செய்யுங்கள். கடைசியில் மொத்தமாகப் பதிந்தால், நடுவில் பிழை வந்து நின்றதும் அதற்குள் மெயில் போனவர்களுக்கு மறுநாள் மறுபடியும் மெயில். பிறகு தினசரி டிரிகர் (நிரலைத் தானாக ஓட்டும் அமைப்பு), காலை 9–10. சரியாக 9-க்கு ஓடாது, அந்த மணிக்குள் எப்போதாவது ஓடும்.

அதிகம் சொதப்புவது தேதிதான். லொகேல் (ஷீட் எந்த நாட்டு முறையைப் பின்பற்றுகிறது என்ற அமைப்பு) அமெரிக்கா என்றிருந்தால் 05/08 மே 8 ஆகிவிடும். 25/08/2025 வெறும் எழுத்தாக நிற்கும். ஃபைல் மெனு, செட்டிங்ஸில் இந்தியா என மாற்றிய பிறகே தேதிகளை உள்ளிடுங்கள்.

சாதாரண ஜிமெயிலில் ஸ்கிரிப்ட் வழியாக நாளுக்கு 100 பேர்தான் வரம்பு. சோதனைக்காக முதல் வாரம் எல்லா மெயிலும் உங்கள் முகவரிக்கே வரட்டும்.