ஹெல்மெட்டைக் கழற்றினாலும் ஹிஜாப் நழுவாமல் இருக்க

சென்னை வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி ஆபீஸ் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றினால், ஷிஃபான் ஹிஜாபும் கூடவே பின்னால் சரிந்துவிடும். ஊசிகளைக் கூட்டிப் பார்த்தேன். துணியில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

கோளாறு ஷிஃபானில் மட்டும் இல்லை, உள்ளே போட்ட தொப்பியிலும். அது வழவழப்பான பாலியஸ்டர். வழுக்கும் துணி மேல் இன்னொரு வழுக்கும் துணி எப்படி நிற்கும்? பருத்தித் தொப்பிக்கு மாறினேன். பருத்தி கொஞ்சம் சொரசொரப்பு, மேல்துணியைப் பிடித்துக்கொள்கிறது, வியர்வையையும் உறிஞ்சுகிறது. கொண்டையைக் கழுத்தோரம் தாழ்த்திப் போட்டேன். உச்சிக்கொண்டை ஹிஜாபைப் பின்னால் இழுக்கும், ஹெல்மெட்டுக்கும் இடைஞ்சல்.

தாடைக்குக் கீழே ஊசிக்குப் பதில், துணியை இரு பக்கமும் ஒட்டிப் பிடிக்கும் காந்தப் பின். (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம்.) வேலை நாட்களுக்கு மோடல் துணி. மரக்கூழில் செய்யும் மென்மையான இழை, ஊசியோ காந்தமோ இல்லாமல்கூட ஓரளவு நிற்கும். ஷிஃபான் இப்போது கல்யாணங்களுக்கு மட்டும்.

அப்புறம், குர்த்தியின் பக்கவாட்டுப் பிளவு இடுப்புவரை ஏறியிருந்தால், தையல்கார அக்காவிடம் கொடுத்து அதே நிறத்தில் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்துவிடுகிறேன். நடக்க வசதி, வீச்சும் அழகு. வெளிர் நிறமென்றால் கடை விளக்கை நம்புவதில்லை. உள்ளே தெரிகிறதா என்று வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். லைனிங் வைத்துத் தைக்க அக்கா கேட்கும் காசில் இன்னொரு குர்த்தியே வாங்கலாம்.